ரெண்டு டிடி போட்டாச்சே, டிடாப் எதற்கு?

தனியார் மருத்துவமனைக்கு ஏழாம் மாத செக்கப்புக்குப் போகும் பெண்கள் பலரிடம் டாக்டர் இப்போது ஒன்றைக் கேட்கிறார்: “டிடாப் ஊசி போட்டுக்கிறீங்களாம்மா?” ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறார். அதே தெருவில் இருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பெண்ணிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அங்கே டிடி ஊசி இலவசம், அதோடு சரி. வளைகாப்பில் இந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? “அவ்வளவு அவசியம்னா கவர்ன்மெண்டே போட மாட்டாங்களா?” என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு “இது லேட்டஸ்ட் ஊசிம்மா” என்று பதில் சொல்வது பதிலே ஆகாது.

முதலில் எந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நம் அம்மாக்கள் காலத்தில் கர்ப்பிணிகளுக்குப் போட்டது ரணஜன்னிக்கு மட்டுமான ஊசி. சில ஆண்டுகளுக்கு முன் இந்திய அரசு அதை மாற்றி, தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தையும் சேர்த்த ஊசியைக் கொண்டுவந்தது. இப்போது அரசு மையங்களில் டிடி என்று போடுவது அதுதான். அந்த இரண்டோடு மூன்றாவதாகக் கக்குவான் இருமலுக்கான மருந்தும் சேர்ந்தால் அது டிடாப். பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் என்ற பெயர்களில் கடைக்கு வருகிறது. கக்குவானுக்கு மட்டும் தனியாக ஓர் ஊசி நம் ஊரில் கிடைக்காது.

ஆக, கேள்வி அந்த மூன்றாவது பங்கைப் பற்றியது.

கக்குவானை நாம் பழைய காலத்து நோய் என்று மறந்துவிட்டோம். பாட்டிமாருக்குத்தான் அந்த இருமலின் சத்தம் நினைவிருக்கும்: விடாமல் இருமி இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘ஊப்’ என்று ஓர் ஓசை, கடைசியில் வாந்தி. பெரிய பிள்ளைகளுக்கு வந்தால் அப்படித்தான் இருக்கும். பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தைக்கு வந்தால் அந்தச் சத்தமே இருக்காது. அதற்கு அவ்வளவு வேகமாக இரும உடம்பில் தெம்பு கிடையாது. லேசாக மூக்கு ஒழுகும், பால் குடிப்பது குறையும், திடீரென்று முகம் சிவந்து பிறகு உதடு நீலம் பாரிக்கும், சில விநாடிகள் மூச்சு நின்றுபோகும். தாய்க்கு முதலில் தெரியும் அறிகுறியே சில நேரம் அந்த மூச்சு நிற்பதுதான். கிருமி சுரக்கும் நஞ்சினால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தாறுமாறாகப் பெருகி நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும் நிலை வந்துவிட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் டாக்டர்களே கையைப் பிசைவார்கள். அசித்ரோமைசின் மாதிரியான மருந்து ஆரம்பத்தில் கொடுத்தால் பலன் தரும். நஞ்சு வேலையைக் காட்டிய பிறகு கொடுத்தால், பிறருக்குப் பரவாமல் தடுக்கும், அவ்வளவுதான். அமெரிக்கக் கணக்குப்படி, ஒரு வயதுக்கு உட்பட்டு இந்த நோய் வந்த குழந்தைகளில் மூன்றில் ஒன்றை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதில் ஆகச் சின்னஞ்சிறுசுகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு நம்மிடம் ஊசி இல்லை. குழந்தைக்குக் கக்குவானுக்கு எதிரான முதல் மருந்து போவது 45-வது நாள் ஊசியில். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான அந்தப் பெண்டாவேலண்ட் 6, 10, 14-வது வாரங்களில் மூன்று தவணையாகப் போடப்படுகிறது. இந்தியாவில் அதை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான் (அதற்கு முன்பு தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி). முதல் தவணையில் கிடைப்பது அரைகுறைக் காப்பு, மூன்றும் முடிந்தால்தான் உருப்படியானது. அப்படியென்றால் பிறந்த நாளிலிருந்து ஆறு வாரம் வரை குழந்தைக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லை. இந்த நோயால் சாகும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் மூன்று மாதம் நிறையாதவர்கள் என்பது தற்செயல் இல்லை.

இந்த இடைவெளியை அடைக்க முதலில் யோசித்த வழி, குழந்தையைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் ஊசி போடுவது. அப்பா, தாத்தா, பாட்டி, அக்கா, அண்ணன் என்று வளையம் கட்டிவிட்டால் கிருமி உள்ளே வராது என்று அமெரிக்காவில் சில ஆண்டுகள் முயன்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எல்லோரையும் பிடித்து உட்காரவைத்து ஊசி போட முடியவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இப்போதைய கக்குவான் ஊசி போட்டுக்கொண்டவருக்கு நோய் வராது, ஆனால் தொண்டையில் கிருமி தங்கி அடுத்தவருக்குத் தொற்றலாம் என்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளில் காட்டினார்கள். வளையத்தில் ஓட்டை இருக்கிறது.

மிஞ்சிய வழி, குழந்தைக்குள்ளேயே எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஏற்றி அனுப்புவது. கர்ப்பத்தின் பிற்பாதியில், குறிப்பாக 28 வாரத்துக்குப் பிறகு, தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி இழுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. சும்மா கசிவது இல்லை, அதற்கென்றே இருக்கும் ஏற்பிகள் பிடித்துக் கடத்துகின்றன. பிரசவ நேரத்தில் தாயைவிடப் பிள்ளையின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் கூடுதலாக இருப்பதுகூட உண்டு. ஆனால் கொடுப்பதற்குத் தாயிடம் சரக்கு இருக்க வேண்டும். ஐந்து வயதில் கடைசியாக முத்தடுப்பு ஊசி போட்ட பெண்ணிடம் இருபத்தேழு வயதில் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. “எனக்குச் சின்ன வயசுலயே கக்குவான் வந்து போயிடுச்சு” என்பதும் செல்லாது, ஏனென்றால் நோய் வந்து கிடைத்த எதிர்ப்பும் தேய்ந்துபோகும். போன பிரசவத்துக்குப் போட்டது இந்தப் பிரசவத்துக்கு ஆகாது என்று சொல்வதும் இதனால்தான். எதிர்ப்பொருள் வேகமாக இறங்கிவிடுகிறது, ஒவ்வொரு கர்ப்பத்திலும் மறுபடி ஏற்ற வேண்டும்.

தாய்க்குப் போட்டுப் பிள்ளையைக் காப்பது நமக்குப் புதிதும் இல்லை. கர்ப்பிணிக்கு ரணஜன்னி ஊசி எதற்குப் போட்டோம்? தொப்புள்கொடி வழியாகப் பச்சிளம் குழந்தைக்கு ஜன்னி வந்து சாகாமல் இருக்கத்தான். 2015-இல் இந்தியா அந்த நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. சுத்தமான பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்து செய்த வேலை அது. இன்று டிடாப்பை சந்தேகத்தோடு பார்க்கும் அதே குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இதே தத்துவத்தைக் கையில் குத்திக்கொண்டுதான் வந்திருக்கின்றன.

சரி, நடைமுறையில் பலிக்கிறதா? இதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்து. 2012-இல் அங்கே கக்குவான் திடீரென்று தலைதூக்கியது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டும் 9 ஆயிரத்துக்கு மேல், 14 கைக்குழந்தைகள் செத்தன. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். தற்காலிக ஏற்பாடு என்றுதான் ஆரம்பித்தார்கள், இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களிடையே நோய் சுற்றிக்கொண்டிருந்த நிலையிலேயே மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அது சரிந்தது. 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தாய் ஊசி போட்டிருந்தால் பிள்ளைக்கு 91 சதவீதக் காப்பு என்று கணக்கிட்டது. அமெரிக்க ஆய்வு ஒன்றில் இரண்டு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 78 சதவீதம், மருத்துவமனையில் சேரும் அளவு முற்றுவதைத் தடுப்பதில் 90 சதவீதம் என்று வந்தது. நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் சில்லறையும் இல்லை.

அந்தக் கதைக்கு ஒரு பின்பாதியும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு அங்கே கர்ப்பிணிகளிடம் ஊசி போடும் பழக்கம் குறைந்தது. ஒரு காலத்தில் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 2024 தொடக்கத்தில் 60-க்குக் கீழே போனது. அந்த ஆண்டு நோய் மறுபடி பெருகி, இங்கிலாந்தில் மட்டும் கிட்டத்தட்ட 15 ஆயிரம் பேருக்கு உறுதியாகி, 11 கைக்குழந்தைகளின் உயிர் போனது. ஊசித் திட்டம் வந்த பிறகு அங்கே செத்த குழந்தைகளில் பெரும்பாலோரின் தாய்மார் ஊசி போடாதவர்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்து பிறந்த பிள்ளைகள் 7 லட்சத்துக்கு மேல். அதில் 14 என்றால் ஐம்பதாயிரத்தில் ஒன்று. நோய் பரவிய மோசமான ஆண்டிலேயே அவ்வளவுதான். எனவே “இந்த ஊசி போடாவிட்டால் குழந்தை போய்விடும்” என்று ஒரு கர்ப்பிணியைப் பயமுறுத்துவது பொய். நடக்க வாய்ப்புக் குறைவு, நடந்துவிட்டால் தாங்க முடியாது என்ற வகை ஆபத்து இது. மறுதட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் முடிவு வரும்.

மறுதட்டில் முதலில் இருப்பது பயம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு புது மருந்தா என்ற பயம். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. முழுக் கிருமிகூடக் கிடையாது, அதிலிருந்து பிரித்தெடுத்த சில புரதங்கள்தான். அதுவும் பெரியவர்களுக்கான அளவு குறைவு: குழந்தைகளுக்கான இன்ஃபான்ரிக்ஸ் ஊசியில் கக்குவான் நஞ்சின் செயலிழந்த வடிவம் 25 மைக்ரோகிராம் இருந்தால், பூஸ்ட்ரிக்ஸில் 8. போட்ட கை இரண்டு நாள் வலிக்கும், வீங்கலாம், சிலருக்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பிரிட்டனில் ஊசி போட்ட 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், வயிற்றிலேயே பிள்ளை இறப்பது உட்பட எந்த விபரீதமும் கூடவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் சின்ன முணுமுணுப்பு உண்டு. அமெரிக்காவில் 1,23,494 பிரசவங்களை அலசிய ஆய்வில், பனிக்குடச் சவ்வில் அழற்சி என்று குறிக்கப்பட்டவர்கள் ஊசி போடாதவர்களிடம் 5.5 சதவீதம், போட்டவர்களிடம் 6.1 சதவீதம். ஆனால் அந்த அழற்சியால் வரக்கூடிய குறைப்பிரசவம் கூடவில்லை. எடை குறைந்த குழந்தைகளும் கூடவில்லை. என் கணிப்பில் இது ஊசியைத் தவிர்க்கக் காரணம் ஆகாது. ஆனால் “எந்தப் பிரச்சினையும் இல்லவே இல்லை” என்று ஒரே போடாகப் போடுகிறவர்களை நம்புவதைவிட, இதைச் சொல்லிவிட்டு ஊசியைப் பரிந்துரைக்கும் டாக்டரை நம்புவது எளிது.

இன்னொரு பயம் பழையது, செல்போனில் தேடினால் இன்றும் முதலில் வந்து நிற்பது: கக்குவான் ஊசி மூளையைப் பாதிக்கும் என்பது. அது பிறந்தது லண்டனில், 1974-இல். முத்தடுப்பு ஊசிக்குப் பிறகு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததாக 36 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டன. 80 சதவீதம் பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஊசி 30 சதவீதத்துக்கு வந்து நின்றது. 1977 முதல் 1979 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நோய் வந்தது. ஊசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரைப் பல ஆண்டு கழித்து, 2006-இல், ஆஸ்திரேலியாவில் மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். 11 பேருக்கு, பிறவியிலேயே கடும் வலிப்பை உண்டாக்கும் மரபணு மாற்றம் இருந்தது. ஊசி போட்டிருக்காவிட்டாலும் வலிப்பு வந்திருக்கும். அதோடு, அன்று பேசப்பட்டது முழுக் கிருமியைக் கொன்று செய்த ஊசி, கர்ப்பிணிக்குப் போடுவது அது அல்ல.

ஆனால் முழுக் கிருமி ஊசிக்கு நம் ஊரில் இன்னும் வேலை இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே யோசிக்கவைக்கும் கேள்வி அங்கேதான் வருகிறது, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. நம் அரசு போடும் 45-வது நாள் ஊசியில் இருப்பது முழுக் கிருமி வகை. இரண்டு நாள் காய்ச்சலடிக்கும், தொடை வீங்கும், ஆனால் காப்பு நீண்ட நாள் நிற்கும். ‘பெயின்லெஸ்’ என்று தனியார் மருத்துவமனைகளில் சொல்லும் ஊசியில் இருப்பது புரத வகை. வலி குறைவு, காப்பும் சீக்கிரம் தேய்கிறது. முதல் மூன்று தவணைக்கும் முழுக் கிருமி வகையே நல்லது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது. இப்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் நிறைய இருக்கும்போது, 45-வது நாள் ஊசிக்குக் குழந்தையின் உடம்பு காட்டும் எதிர்வினை கொஞ்சம் மட்டுப்படுகிறது. தாய்லாந்தில் நடந்த ஆய்வில், முழுக் கிருமி ஊசி போட்ட குழந்தைகளிடம் இந்த மட்டுப்படல் கூடுதலாகத் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு நீண்ட அனுபவமுள்ள இங்கிலாந்தில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு நோய் பெருகியதாகக் காணப்படவில்லை. ஆனால் அங்கே குழந்தைகளுக்குப் போடுவதும் புரத வகைதான். அந்த அனுபவத்தை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்து வைக்க முடியாது.

அரசு தயங்குவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் தனி ஒரு குடும்பத்தின் முடிவை இது மாற்றுமா என்றால், மாற்றாது என்றே நினைக்கிறேன். எட்டு மாதக் குழந்தைக்குக் கக்குவான் வருவதும் எட்டு நாள் குழந்தைக்கு வருவதும் ஒன்றல்ல. பிற்பாடு கொஞ்சம் குறைவது, தொடக்கத்தில் நிறையக் கிடைப்பதற்குக் கொடுக்கும் விலை. ஒன்றரை வயதில் இன்னொரு தவணையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தன் நிலைப்பாட்டை எழுதியபோது, குழந்தைகளுக்கான தவணைகளோடு கூடுதலாக ஒன்று செய்வதானால் கர்ப்பிணிக்குப் போடுவதே செலவுக்கேற்ற வழியாக இருக்கும் என்றது. இந்திய மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பும் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கின்றன. அரசுத் திட்டத்தில் இது இல்லை என்பதால் தேவையற்றது என்று ஆகிவிடாது. அதே சமயம், பிள்ளை பிறக்கும் வரைக்கும் அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில் இந்த ஊசிக்காகக் கடன் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் காசு இருக்கிறவர்கள் யோசிக்காமல் போட்டுக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு இலவச டிடியை விடாமல் போட்டுக்கொள்வதும், பிறந்த பிள்ளையை இருமுகிறவர்களிடம் இருந்து தள்ளி வைப்பதும் கைவசம் இருக்கின்றன.

எப்போது போடுவது என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. லண்டனில் இருக்கும் நாத்தனாருக்கு இருபதாம் வாரத்து ஸ்கேனோடு சேர்த்தே போட்டுவிட்டார்கள், நமக்கு ஏன் எட்டாம் மாதம் என்று கேட்பார்கள். இங்கிலாந்திலும் முதலில் 28-வது வாரத்துக்குப் பிறகுதான் போட்டார்கள். நாலாம் ஐந்தாம் மாதத்தில் போட்டாலும் பிள்ளைக்கு நல்ல அளவு எதிர்ப்பொருள் போய்ச் சேருகிறது, குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைக்கும் அது கிடைக்கும் என்று தெரிந்ததும் 2016-இல் 16-வது வாரத்துக்கு முன்தள்ளினார்கள். ஆக, 27-க்கு ஒரு வாரம் முன்னே பின்னே ஆகிவிட்டது என்று பதற வேண்டியதில்லை. கடைசி நேரத்துக்குத் தள்ளுவதுதான் நஷ்டம்: ஊசி போட்டு எதிர்ப்பொருள் நன்றாகச் சுரக்கவே இரண்டு வாரம் ஆகும், அதன் பிறகுதான் பிள்ளைக்குப் போகும். 37-வது வாரத்தில் நினைவு வந்தால் அப்போதும் போடலாம், பலன் குறையும். பிரசவத்துக்குப் பிறகு போட்டால் தாய்க்கு நோய் வராமல் காக்கும். பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போக வேண்டியது போகாது.

இரண்டு டிடி போட்டாச்சே என்ற கேள்விக்கு வருவோம். அரசு அட்டவணைப்படி கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நாலு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று ஆண்டுக்குள் மறுபடி உண்டாகியிருந்தால் ஒன்றே ஒன்று. டிடாப் போட நினைப்பவர் முதல் ஊசியின் போதே டாக்டரிடம் சொல்லிவிட்டால், இரண்டாவதின் இடத்தில் டிடாப்பைப் போட்டுக்கொள்ளலாம், ஒரு குத்து மிச்சம். இரண்டும் முடிந்த பிறகு கேள்விப்பட்டவரும் தாராளமாகப் போடலாம், கை கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். எங்கே போட்டாலும் தாய்-சேய் நல அட்டையில் ஊசியின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். செக்கப் ஓரிடம், பிரசவம் அம்மா வீட்டுப் பக்கம் வேறிடம் என்று ஆகும்போது இந்த அட்டைதான் பேசும். முன்பு இந்த வகை ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர் போடக் கூடாது. நல்ல காய்ச்சல் இருந்தால் இறங்கியதும் போடலாம்.

தாய் டிடாப் போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 45-வது நாள் ஊசியை 60-வது நாளுக்குத் தள்ளக் கூடாது. தாய் கொடுத்த எதிர்ப்பொருள் மாதத்துக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். பிள்ளைக்கு லேசாகச் சளி பிடித்திருக்கிறது, அம்மா வீட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை, நாள் சரியில்லை என்று தள்ளிப்போடும் வழக்கம் இருக்கிறது. லேசான சளிக்கு ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுவார்கள்.